சீட்டைப் பிடிக்காமல் கற்றுக்கொடுத்த சைக்கிள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்கா வீட்டு வாசலில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, ஒரு சிவப்பு நிற 16 இஞ்சு சைக்கிள் ஒன்றரை மாதம் அசையாமல் நின்றது. அதன் சொந்தக்காரிக்கு வயது ஆறரை. வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாலரை வயதில் வாங்கிய சைக்கிள் அது. வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கி, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சைடு வீல் மாட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் அதில்தான் தெருவைச் சுற்றினாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா சைடு வீலைக் கழற்றினார். சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். "அப்பா, புடிச்சிருக்கீங்களா?" "புடிச்சிருக்கேன், நீ மிதி." இரண்டு தடவை இதே கேள்வி, இதே பதில். மூன்றாவது தடவை பதில் தூரத்திலிருந்து வந்தது. பாப்பா திரும்பிப் பார்த்தாள். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹேண்டில் திரும்பும். வண்டி இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கருங்கல் படியில் தள்ளியது. உதட்டில் இரண்டு தையல். சைடு வீலைத் திரும்ப மாட்டிக் கொடுத்தும் அதற்கப்புறம் அவள் அதில் ஏறவில்லை.

நான் அவளுக்குத் தாய்மாமன். ஒரு நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். நானும் இதுவரை ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் எப்படியோ கற்றுக்கொண்டார்கள். அதனால் அந்த முறையைப் பற்றி யோசித்ததே இல்லை. இந்த ஆடி மாதம் பாப்பாவையும் அவளுடைய நாலு வயதுத் தம்பியையும் சேர்த்து என்னிடம் விட்டார்கள். தினமும் நடந்ததை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதுவதுதான் இது. அதே நிலையில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்ற எண்ணம்தான் காரணம்.

சைடு வீல் என்ன பழக்கியிருந்தது

முதல் நாள் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. சைடு வீலோடு பத்தடி ஓட்டிக் காட்டு, நான் கிட்டவே வர மாட்டேன் என்று கெஞ்சிக் கேட்டேன். அரை மனதோடு ஓட்டினாள். இடது பக்கம் வளையும்போது அவள் உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் வளைந்தால் இடது பக்கம். பஸ் வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டு வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் சாய்வார்களே, அப்படி.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இப்படிச் செய்வதில்லை. இடது பக்கம் வளைய வேண்டுமென்றால் வண்டியும் நாமும் இடது பக்கமே சாய்வோம். சைடு வீல் போட்ட வண்டி சாயவே முடியாது. அது நான்கு காலில் நிற்கிற வண்டி. அதனால் வளைவில் உடம்பு வெளியே தள்ளப்படுகிறது, பிள்ளை அந்தத் தள்ளலுக்கு ஏற்றபடி உட்காரப் பழகிக்கொள்கிறது. இரண்டு வருஷம் தினமும் அதையே பழகினால் என்ன ஆகும்?

விளக்குமாற்றை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தும் விளையாட்டு எல்லோரும் ஆடியிருப்போம். குச்சி இடது பக்கம் விழப் பார்த்தால் கையை இடது பக்கம் கொண்டுபோவோம். சைக்கிளும் அதேதான், சக்கரம்தான் உள்ளங்கை. வண்டி எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டில் திரும்ப வேண்டும். அப்போது சக்கரம் உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். சக்கரம் பம்பரம் மாதிரி சுழல்வதால்தான் சைக்கிள் நிற்கிறது என்று நான் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2011இல் அந்தப் பம்பர விளைவை எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களால் நீக்கிய ஒரு சின்ன வண்டியைத் தள்ளிவிட்டுக் காட்டினார்கள். ஆளே இல்லாமல் அது நிமிர்ந்து ஓடியது. விழும் பக்கம் தானே திரும்பிக்கொள்வதுதான் அதை நிறுத்தியது. அதைப் படித்த பிறகு வகுப்பில் சொல்வதை மாற்றிக்கொண்டேன்.

பாப்பாவின் கை இதற்கு நேர் எதிராகப் பழகியிருந்தது. வண்டி கொஞ்சம் சாய்ந்தாலே ஹேண்டிலை மறுபக்கம் வெட்டினாள். இரண்டு சக்கர வண்டியில் அப்படிச் செய்தால் விழாமல் இருக்க வழியே இல்லை. வைகாசியில் அவளைத் தள்ளியது அப்பா கையை விட்டது மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது.

பெடலைக் கழற்றியது

மறுநாள் சைக்கிளைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சைடு வீல், முன்கூடை, கேரியர் மூன்றையும் கழற்றச் சொன்னேன். அப்புறம் இரண்டு பெடலையும்.

"பெடலயா? வீலத்தானே தம்பி கழட்டணும்?"

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். மிதிக்கவே கூடாது, சீட்டில் உட்கார்ந்தபடி தரையில் கால் ஊன்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டும், பிறகு காலைத் தூக்க வேண்டும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஓரமாக நின்ற ஒரு பெரிய சைக்கிளை எடுத்தார். இடது பெடலில் இடது காலை வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி, கடை வாசலில் பத்தடி போய்த் திரும்பி வந்தார். "குரங்குப் பெடல் போடறதுக்கு முன்னாடி நாங்க ஒரு வாரம் இப்படித்தான் தத்தித் தத்தி ஓட்டுனோம். கால் உள்ள போடறது அதுக்கப்புறம்தான். இதத்தானே சொல்ற?"

அதையேதான் சொன்னேன். ஆனால் அவர் காட்டும் வரை எனக்கு அது தோன்றவில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டிய அந்தத் தலைமுறைக்குச் சைடு வீலும் கிடையாது, பின்னால் ஓட ஆளும் பல நேரம் கிடையாது. முதலில் பேலன்ஸ், அப்புறம் மிதி என்ற வரிசை தானாகவே அமைந்துவிட்டது. சைக்கிள் பிறந்ததும் அந்த வரிசையில்தான். ஜெர்மனியில் கார்ல் டிராய்ஸ் 1817இல் மன்ஹைம் ஊரில் ஓட்டிக் காட்டிய இரண்டு சக்கர வண்டியில் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் போனார். சக்கரத்தில் பெடல் வந்து பரவியது 1860களில்தான். குழந்தைகளுக்குத்தான் நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம், மிதிக்க முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு.

பெடல் கழற்றுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் முயற்சி செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர் மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் பலமாகத் திருப்பினால் இன்னும் இறுகும், பெடலைத் தாங்கும் கிராங்குத் தண்டின் மரையே போய்விடலாம். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் 15ஆம் நம்பர் ஸ்பேனர்தான்.

சீட்டுத்தான் சிக்கல் கொடுத்தது. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிந்து, முட்டி லேசாக மடங்க வேண்டும். சீட்டைக் கழுத்து வரைக்கும் இறக்கியும் பாப்பா நுனிக்காலில்தான் நின்றாள். ஒரு சைஸ் பெரிதாக வாங்கியதன் பலன். கடைக்காரர் அந்தத் தடித்த ஸ்பிரிங் சீட்டைக் கழற்றிவிட்டுத் தட்டையான பழைய சீட் ஒன்றை மாட்டினார். மூன்று விரல்கடை இறங்கியது, குதிகால் தரையில் பட்டது.

கழற்றியதையெல்லாம் சேர்த்து எடை போட்டுப் பார்த்தோம். கொண்டுவந்தபோது சைக்கிள் 10.8 கிலோ, இப்போது 8.3. பாப்பா 18 கிலோ. 60 கிலோ ஆள் ஒருவர் 36 கிலோ சைக்கிளை ஓட்டிக் கற்றுக்கொள்வதும் அவள் முன்பு செய்துகொண்டிருந்ததும் ஒன்றுதான். கூடையும் கேரியரும் பார்க்க அழகு. கற்றுக்கொள்கிற நாட்களில் அவை வெறும் சுமை.

தம்பிக்கு 12 இஞ்சில் ஒரு பழைய சைக்கிள் அதே கடையில் கிடைத்தது. அதற்கும் பெடல் போனது.

ஆடி மாதத்து மண்டபம்

இடம் தேடியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் டூவீலர். மைதானத்தில் சாயங்காலம் முழுக்கக் கிரிக்கெட். வெள்ளிக் கடற்கரைப் பக்கம் போனால் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். லேசான சரிவு ஒன்று வேண்டும், உந்தாமலே வண்டி உருள. எங்கள் பகுதியோ தட்டை, கெடிலம் ஆற்றங்கரையை விட்டால் பக்கத்தில் ஏற்ற இறக்கம் கிடையாது. கரையோ ரொம்பச் செங்குத்து.

கடைசியில் எங்கள் தெரு முனையிலிருக்கும் கல்யாண மண்டபத்து வளாகம் நினைவுக்கு வந்தது. கார் நிறுத்துவதற்காகச் சிமெண்டுத் தரை, மழைத் தண்ணீர் வாசல் பக்கம் வடியட்டும் என்று மெல்லிய சரிவு, நீளம் நாற்பது தப்படி. ஆடியில் முகூர்த்தம் இல்லை. காவலாளி அண்ணன் சாவியைக் கொடுத்தார், ஆவணி பிறந்தால் கேட்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறு வரை. பாப்பாவுக்கு இருபது நிமிஷம், தம்பிக்குப் பத்து. அதற்கு மேல் ஒரு நாளும் இழுக்கவில்லை. களைத்த பிள்ளை கற்றதைக் கெடுத்துக்கொள்ளும் என்பது எந்த விளையாட்டுக்கும் பொருந்தும்.

ஹெல்மெட் கட்டாயம், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் உட்கார வேண்டும். செருப்பு கூடாது, ஷூதான். கொலுசைக் கழற்றச் சொன்னபோது எங்கள் அம்மா முகம் சுளித்தார். செயினில் மாட்டிக்கொள்ளும் என்று காட்டிய பிறகு அவரே தினமும் கழற்றி முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வர ஆரம்பித்தார்.

ஈரக் கோடு

இரண்டாம் நாள் தற்செயலாக ஒன்று நடந்தது. சரிவின் மேல் பக்கம் இருந்த குழாய் ஒழுகித் தேங்கியிருந்தது. பாப்பா காலால் உந்திக்கொண்டே அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தாள். சிமெண்டில் சக்கரத்தின் ஈரத் தடம் விழுந்தது. பின்சக்கரத்தின் தடம் கிட்டத்தட்ட நேராகவும் முன்சக்கரத்தின் தடம் அதை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டும் வந்திருந்தன. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஈரம் எம்மாத்திரம்? ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. அதற்குள் சாக்பீஸால் அதன் மேல் வரைந்துவிட்டேன். முன்சக்கரம் அலைந்த அகலம் ஒன்றரைச் சாண்.

அன்றிலிருந்து தினமும் மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். அவள் கை என்ன செய்கிறது என்று நான் ஓடி ஓடிப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாததைத் தரை காட்டியது. வண்டி சாயும்போதெல்லாம் தடம் முதலில் தப்பான பக்கம் வெட்டும், உடனே ஒரு ஷூத் தடம் பக்கத்தில் விழும். கால் ஊன்றித் தப்பித்திருக்கிறாள். ஒரு ஓட்டத்தில் பதினாறு ஷூத் தடங்கள் எண்ணினேன். பதினாறு தடவை விழப் பார்த்து, பதினாறு தடவையும் யார் உதவியும் இல்லாமல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஓடுகிறவர் ஒருவர் அத்தனை தடவையும் தாங்கியிருந்தால் அந்தப் பதினாறும் அவள் கணக்கில் வந்திருக்காது.

"விழற பக்கம் ஹேண்டிலைத் திருப்பு" என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். அரை நாள் வீண். விழுகிற அரை விநாடியில் இடது எது வலது எது என்று யோசிக்க ஆறரை வயதால் ஆகாது, எனக்கே ஆகாது. அம்மாதான் வழி கண்டுபிடித்தார். கோலமாவு கொண்டுவந்து சரிவு நெடுகப் பெரிய பெரிய வளைவாக ஒரு பாம்பு போட்டார். "பாம்ப மிதிக்காம அது கூடவே போவியாம்." வளைவோடு போக வேண்டுமென்றால் சாய்ந்துதான் ஆக வேண்டும். கால் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் சாய்வதில் பயம் இல்லை. பாம்பின் வளைவை நாளுக்கு நாள் நெருக்கமாக்கினார்.

இன்னொரு பிரச்சினை, கண். எல்லாப் பிள்ளைகளும் முன்சக்கரத்தைத்தான் பார்க்கும். சரிவின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, உட்கார்ந்து விரல்களைக் காட்டுவார், பாப்பா வந்துகொண்டே எத்தனை என்று கத்த வேண்டும். தலை தானாக நிமிர்ந்தது.

ஐந்தாம் நாள் நான் ஒரு தவறு செய்தேன். மூன்று எண்ணும் வரை காலைத் தூக்கினாள், அதற்கு மேல் நகரவில்லை. மாதம் ஓடுகிறதே, மண்டபம் போய்விடுமே என்ற அவசரம் எனக்கு. "ஒரே ஒரு தடவை சீட்டைப் பிடிக்கிறேன், தைரியமா காலத் தூக்கு" என்றேன். சரிவு முழுக்கக் கால் படாமல் வந்தாள். ஈரக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. அடுத்த தடவை கையை எடுத்தேன். கோடு முதன்முதலில் வரைந்ததைவிட மோசமாக அலைந்தது, இடது பக்கமே இழுத்தது. நான் நின்ற பக்கம் அது. அந்த ஒரே ஓட்டத்தில் என் கை மேல் சாயப் பழகிவிட்டாள். ஸ்கேல் வைத்த கோடு போட்டது நான்தான், அவள் இல்லை.

சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் சொன்னதை அன்றே நோட்டில் எழுதிவைத்தேன்: "இனிமே புடிக்காதீங்க மாமா. புடிச்சா, எப்ப உடுவீங்கன்னே நெனச்சிக்கினு இருக்கேன்."

பின்னால் ஓடுகிற முறையில் எனக்குத் தெரியாமலே இருந்த தவறு இதுதான். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு விடுவது நம் ஊரில் ஒரு தந்திரமாக, பாசமாகக்கூட நடக்கிறது. கற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் மிதிக்கிற பிள்ளையின் கவனம் முழுக்கப் பின்னால் இருக்கிறது. முன்னால் ஓடுகிற சக்கரத்துக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. பாப்பாவிடம் அன்று ஒரு வாக்குக் கொடுத்தேன்: சொல்லாமல் தொட மாட்டேன், சொல்லாமல் விடவும் மாட்டேன். அதற்கப்புறம் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வரவில்லை.

எட்டாம் நாள். பாம்பு இல்லாத வெறும் தரை. ஏழு எண்ணும் வரை கால் மேலே. நடுவில் ஓரிடத்தில் வண்டி இடது பக்கம் சாய்வதைப் பார்த்தேன், போச்சு என்று நினைத்தேன். ஷூ கீழே வரவில்லை. முன்சக்கரம் இடது பக்கமே சட்டென்று வளைந்து, நிமிர்ந்து, ஓடியது. குனிந்து தடத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் கொக்கி மாதிரி ஒரு சின்ன வளைவு, சரியான பக்கம். சாக்பீஸால் வட்டம் போட்டேன். "இது யார் போட்டது?" என்று கேட்டேன். உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். "வண்டி போட்டுது மாமா. நான் ஒண்ணும் பண்ணல."

அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். கைக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் நாள் முன்சக்கரம் அலைந்த அகலம் நாலு விரல்கடை. நாற்பது தப்படியும் கால் படவில்லை.

தம்பி

அவன் கணக்கு வேறு. சைடு வீலைத் தொட்டே பார்க்காதவன். முதல் நாள் சைக்கிளை இரண்டு காலுக்கு நடுவில் வைத்து நடந்தான், இரண்டாம் நாள் உட்கார்ந்து நடந்தான், மூன்றாம் நாள் பாதி நேரம் தட்டான் பிடிக்கப் போய்விட்டான். நாலாம் நாள், யாரும் சொல்லாமலே, சரிவில் இரண்டு காலையும் விரித்துத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே வந்தான். அவன் ஈரத் தடத்தில் தப்பான பக்கம் வெட்டிய இடமே அநேகமாக இல்லை. மறக்க வேண்டியது எதுவும் அவனிடம் இல்லை.

பாப்பாவுக்கு ஒன்பது நாள், தம்பிக்கு நாலு நாள். இரண்டு பிள்ளைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் போர்ச்சுகலில் பெற்றோரிடமும் பெரியவர்களிடமும் கேட்டுத் தொகுத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வும் இதே பக்கம்தான் காட்டுகிறது. பெடல் இல்லாத வண்டியில் தொடங்கியவர்கள் சராசரியாக நாலு வயதைத் தாண்டியதும் தனியே ஓட்டியிருக்கிறார்கள், சைடு வீலில் தொடங்கியவர்கள் ஆறு வயதை ஒட்டி.

பாப்பாவுக்கு அந்த இரண்டு வருஷம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. மிதிக்கும் பழக்கம் காலில் ஏறியிருந்தது. அது அடுத்த கட்டத்தில் தெரிந்தது. மிதிக்க மட்டும் பழக வேண்டுமென்றால் மூன்று சக்கர வண்டியே போதுமே என்பது என் எண்ணம். அது தன்னைச் சைக்கிள் என்று சொல்லிக்கொள்வதில்லை, பிள்ளையும் அப்படி நம்புவதில்லை.

பெடல் திரும்ப வந்தது

பெடலுக்கு முன்னால் பிரேக். உருண்டு வந்துகொண்டே பின் பிரேக்கை மெல்ல அழுத்தி, நான் சாக்பீஸால் போட்ட கோட்டில் நிற்க வேண்டும். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். நிறுத்தத் தெரிந்த பிள்ளைக்கு வேகம் பயமாக இருப்பதில்லை. வேகம் இல்லாவிட்டால் சைக்கிள் தள்ளாடும் என்பதால் இது முக்கியம்.

பதினோராம் நாள் பெடலை மாட்டினோம். வலது பெடலை மேலே, கொஞ்சம் முன்னால், கடிகாரத்தில் இரண்டு மணி காட்டும் இடத்தில் வைத்து, அதில் வலது காலை அழுத்தி இடது காலால் ஒரு உந்து. முதல் நாலைந்து தடவை குனிந்து பெடலையே தேடினாள், கோடு மறுபடி ஒரு சாண் அலைந்தது. பன்னிரண்டாம் நாள் விழுந்தாள். உள்ளங்கையில் தோல் போனது. நான் ஓடவில்லை, கஷ்டப்பட்டு அப்படியே நின்றேன். எழுந்து கையை ஊதிவிட்டு, "சீட்டு கீழ இருக்குல்ல, அதான் பெரிசா வலிக்கல" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். ஆயா தேங்காய் எண்ணெய் தடவினார்.

ஆடிப்பெருக்குக்கு ஒரு நாள் விடுமுறை. மறுநாள், பதின்மூன்றாம் வகுப்பில், வேலி வரைக்கும் மிதித்துப் போனாள். யாரும் கூட ஓடவில்லை, யாரும் பிடிக்கவில்லை, அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலியருகில் பிரேக் போட்டு நின்று, சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி மிதித்து வந்தாள். ஓட்டிக்கொண்டே வளைந்து திரும்ப இன்னும் நாலு நாள் பிடித்தது. அவள் அப்பா கடைசி நாள்தான் வந்தார். வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பா, புடிக்க வாணாம், சும்மா பாருங்க" என்று அவர் பக்கத்தில் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க வந்து பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் என் அக்கா. அவளுக்கு முப்பத்தாறு வயது, சைக்கிள் தெரியாது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளைப் பள்ளியிலிருந்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாள், அதை ஓட்டிக் கற்றுக்கொண்டது நான். இருபது வருஷம் ஆகிவிட்டது, இதை அவளிடம் ஒரு தடவைகூட நான் பேசியதில்லை. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் வழியாக அந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அதில் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அக்காவிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் பெடலக் கழட்டுவியாடா?" என்றாள். தெரிந்தவர் வீட்டில் ஒரு லேடீஸ் சைக்கிள் கேட்டிருக்கிறேன். மண்டபத்தில் இப்போது முகூர்த்தம் தொடங்கிவிட்டது. ஞாயிறு விடியற்காலையில் ஆள் வருவதற்குள் மைதானத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

பாப்பாவின் சீட்டை ஒரு விரல்கடை ஏற்றியாயிற்று, அடுத்த மாதம் இன்னொன்று. இன்னும் ஒரு கையை எடுத்துச் சிக்னல் காட்ட வரவில்லை, இடது காலால் மட்டும்தான் கிளம்பத் தெரிகிறது. தெருவுக்கு வெளியே இப்போதைக்கு விடப்போவதில்லை.

தம்பியின் பெடல்கள் இரண்டும் அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. தினமும் கேட்கிறான். பேலன்ஸ் அவனுக்கு எப்போதோ வந்துவிட்டது. ஷூவைத் தேய்த்துத்தான் நிறுத்துகிறான், பிரேக் லீவருக்கு விரல் எட்டவில்லை. லீவரை உள்ளே தள்ளிவைக்கும் திருகாணியைக் கடைசி வரை முறுக்கியும் பார்த்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது நடுவிரலின் முதல் கணு லீவரைத் தொட்டது. இரண்டாவது கணு தொடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி படுக்கும்போது விரலை இழுத்து இழுத்து விடுகிறானாம், அக்கா சொன்னாள்.